எந்த ஆண்டுக்கு மீட்பது? ஜேர்மனியின் பழைய மோட்டார் வண்டிகள் பற்றி ஒரு வரலாற்று நோக்கு

பழம்பொருள்களைத் தேடிப் பேணும் விருப்பம் புதியதன்று. நாணயம், ஏட்டுச்சுவடி, படிமம், தளபாடம் என்பவற்றைத் தொகுப்போரை எல்லாச் சமூகங்களிலும் காணலாம். ஆயின், ஒரே அச்சில் வார்த்தாற்போல இலட்சக்கணக்கில் வெளிவந்த இயந்திரப் பொருளொன்றை, அதன் பயன் ஒழிந்த பின்னரும், ஓய்வு நேரத்தையும் உழைப்பையும் பணத்தையும் செலவிட்டுப் பழைய நிலைக்குக் கொணரும் முயற்சி பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கே உரியதாகும். ஜேர்மனியில் இம்முயற்சி இன்று பல்லாயிரக்கணக்கானோரின் பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது.

வரலாற்று மாணவர் இதனைக் கண்டும் காணாமலும் செல்வதே வழக்கம். சுவடிக்கூடத்தில் நடைபெறுவது வரலாறு, கராஜில் நடைபெறுவது விளையாட்டு என்பது நம்முள் ஊறிப்போன எண்ணம். அவ்வெண்ணம் பிழையென்பதே இக்கட்டுரையின் துணிபு. பழைய வண்டியொன்றை மீளமைக்க முற்படுபவர் முதலில் விடை காணவேண்டிய வினா ‘எந்த ஆண்டுக்கு?’ என்பதாகும். ஐம்பதாண்டு ஓடிய வண்டிக்கு ஐம்பது நிலைகள் இருந்திருக்கும். அவற்றுள் ஒன்றைத் தெரிந்து ஏனையவற்றைச் சுரண்டி எறியும்போது, கடந்த காலத்தில் எது நினைவுகூரத் தக்கது, எது தகாதது என்ற தீர்ப்பை அவர் அறிந்தோ அறியாமலோ வழங்கிவிடுகின்றார்.

ஜேர்மன் சட்டமும் இவ்வினாவை ஒருவாறு எதிர்கொண்டுள்ளது. முதன்முதலாகத் தெருவில் இறங்கி 30 ஆண்டுகள் கழிந்த வண்டிகளுக்கு, இலக்கத் தகட்டின் ஈற்றில் ‘எச்’ என்னும் எழுத்தைப் பொறிக்கும் தனிப்பதிவு முறை 1997 ஆம் ஆண்டு அங்கு நடைமுறைக்கு வந்தது. ‘வரலாற்றுக்குரியது’ எனப் பொருள்படும் சொல்லின் முதலெழுத்து அது. அத்தகடு பெறுவதற்கு வண்டி பெருமளவுக்கு மூலநிலையில் இருத்தல் வேண்டும். நன்னிலையிலும் இருத்தல் வேண்டும். ஊர்தித் தொழினுட்பம் சார்ந்த பண்பாட்டுச் செல்வத்தைப் பேண உதவுவதாகவும் இருத்தல் வேண்டும். இவற்றை நிறைவுசெய்யும் காருக்கு எஞ்சினின் அளவு எதுவாயினும் ஆண்டுவரி ஏறத்தாழ 191 யூரோவோடு நின்றுவிடுகின்றது. வரிச்சலுகை கருதியே சிலர் இத்துறையுட் புகுகின்றனர் என்ற குறைகூறலும் உண்டு. அது நிற்க. மூலநிலை, நன்னிலை என்னும் இரண்டும் ஒன்றையொன்று மறுக்கக்கூடியவை என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது. நெடுங்காலம் ஓடிய வண்டியின் மெய்யான நிலை கறளும் கீறலும் மங்கிய நிறமுமாகும். நன்னிலை வேண்டுமெனின் அவற்றை நீக்க வேண்டும். நீக்கிய பின்னர் எஞ்சுவது எந்த மூலம்?

இவ்வினாவின் பாரத்தை உணர்த்துவதற்கு வொக்ஸ்வாகனைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. ‘வண்டு’ என்று செல்லமாக அழைக்கப்படும் அச்சிறு வண்டி, உலகின் பல பாகங்களிலும் பழைய வண்டி விரும்பிகளின் முதற்காதல் எனலாம். அதன் பிறப்போ காதலுக்குரிய சூழலில் நிகழ்ந்ததன்று. ‘மக்கள் வண்டி’ ஒன்றினை அமைக்கும் பொறுப்பு 1934 ஆம் ஆண்டு பேர்டினன்ட் போர்ஷே என்ற பொறியியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. விலை 990 மார்க்குக்கு மேற்படலாகாது என்பது ஹிட்லரின் விருப்பம். அவ்விலைக்கு இலாபத்துடன் வண்டி செய்ய இயலாதெனத் தனியார் உற்பத்தியாளர் தயங்கியபோது, நாசி அரசின் ‘ஜேர்மன் தொழில் முன்னணி’ அப்பணியைத் தனதாக்கிக்கொண்டது. அம்முன்னணியின் கருவூலம் எவ்வாறு நிரம்பியது என்பது மனங்கொள்ளத்தக்கது. 1933 மே மாதத்தில் சுதந்திரத் தொழிற்சங்கங்கள் ஒரே நாளில் நசுக்கப்பட்டு, அவற்றின் சொத்துக்கள் பறிமுதல் செய்யப்பட்டன. தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த சந்தாப்பணத்தின் ஒரு பகுதியே, தொழிலாளருக்கு வண்டி தருவதாகச் சொல்லி ஆலை எழுப்புவதற்கு உதவியது. 1938 மே மாதத்தில் ஃபாலஸ்லேபன் என்ற சிற்றூரின் அருகே அவ்வாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

மக்களிடமிருந்து மேலும் பணம் திரட்ட ஒரு சேமிப்புத் திட்டமும் வகுக்கப்பட்டது. கிழமைக்கு 5 மார்க் பெறுமதியான முத்திரையை வாங்கி அட்டையில் ஒட்டிவர வேண்டும். காப்புறுதியும் பிறவும் ஒருபுறமிருக்க, வண்டியின் விலையை மட்டும் கட்டி முடிப்பதற்கே 198 கிழமைகள், அதாவது ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், தேவை. ஏறத்தாழ 3,36,000 பேர் இவ்வாறு சேமித்தனர். போர் முடியும்வரை அவர்களுள் ஒருவருக்கேனும் வண்டி கிடைக்கவில்லை. போருக்குப் பின் அவர்கள் தொடுத்த வழக்கு 1961 வரை இழுபட்டு, புதிய வண்டி வாங்குவோருக்கு 600 மார்க் வரை விலைக்கழிவு, அல்லது 100 மார்க் ரொக்கம் என்ற சமரசத்தில் முடிவுற்றது.

ஆலை இயங்கத் தொடங்கியதும் போருக்காகவே. மக்கள் வண்டியின் உறுப்புகளைக் கொண்டு படையினருக்கான ‘கியூபெல்வாகன்’ என்ற திறந்த வண்டிகள் 50,000 அளவில் செய்யப்பட்டன. பறக்கும் குண்டுகளின் பாகங்களும் அங்கு உருவாகின. இவற்றைச் செய்த கைகள் யாருடையவை? போர்க்காலம் முழுவதிலும் ஏறத்தாழ 20,000 பேர் அவ்வாலையில் வலிந்து வேலைவாங்கப்பட்டனர். போலந்து, சோவியத் நாட்டவர், பிரான்சியர், இத்தாலியப் போர்க்கைதிகள், 1944 இல் அவுஷ்விற்ஸ் முகாமிலிருந்து கொண்டுவரப்பட்ட யூதர் ஆகிய பலதிறத்தாரும் அவர்களுள் அடங்குவர். கட்டாயத் தொழிலாளரான போலந்து, சோவியத் பெண்களின் கைக்குழந்தைகள் தாயரிடமிருந்து பிரிக்கப்பட்டு, ரியூஹென் என்ற இடத்திலிருந்த இல்லமொன்றில் அடைக்கப்பட்டன. பட்டினியாலும் நோயாலும் அங்கு இறந்த குழந்தைகளின் தொகை 300க்கும் மேல். பொறுப்பாயிருந்த ஆலை வைத்தியருக்குப் பிரித்தானிய இராணுவ நீதிமன்றம் மரணதண்டனை விதித்து, 1947 இல் அதனை நிறைவேற்றியது. இவ்விவரங்களை முழுமையாக ஆராய்ந்து, ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட நூலாக ஹான்ஸ் மொம்சனும் மன்பிரெட் கிரீகரும் வெளியிட்டது 1996 இல். போர் முடிந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னரே அந்நூல் வெளிவந்தது.

1945 இல் பிரித்தானியரின் ஆட்சிக்குட்பட்ட இவ்வாலையை இடித்துத் தள்ளாது இயங்கவைத்த பெருமை மேஜர் ஐவன் ஹேர்ஸ்ற் என்ற இளம் அதிகாரிக்கு உரியது. ஆக்கிரமிப்புப் படையினருக்கும் நிர்வாகத்துக்கும் வண்டிகள் தேவைப்பட்டன; 20,000 வண்டிகளுக்குக் கட்டளை பிறந்தது. ஊரின் பெயர் வொல்ப்ஸ்பேர்க் என மாற்றப்பட்டது. 1948 இல் ஹைன்ஸ் நோர்ட்ஹொஃப் முகாமையாளராகி, வெளித்தோற்றத்தைப் பெரிதும் மாற்றாது உள்ளுறுப்புகளை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் திருத்தும் கொள்கையைக் கைக்கொண்டார். பத்து இலட்சமாவது வண்டி 1955 இல் வெளிவந்தது. 1972 பெப்ரவரியில் ஃபோர்டின் ‘ரி’ மாதிரி வண்டியின் மொத்த உற்பத்தியை இது விஞ்சியது. கடைசி வண்டி மெக்சிக்கோவின் புவேப்லா ஆலையிலிருந்து 2003 யூலை 30 ஆம் நாள் வெளிவந்தபோது, மொத்தத் தொகை 2 கோடியே 15 இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

நோர்ட்ஹொஃபின் கொள்கையே பிற்காலப் பொழுதுபோக்கினருக்கு இரண்டு வரங்களை அளித்தது. தோற்றம் மாறாமையால் உதிரிப்பாகங்கள் நெடுங்காலம் கிடைத்தன. உள்ளுறுப்புகள் மாறிக்கொண்டேயிருந்தமையால் ஒவ்வொரு வண்டியும் தன் பிறந்த ஆண்டைத் தன் உடலிலே தாங்கி நின்றது. பின் கண்ணாடி நடுவே தூணொன்றினால் இரண்டாகப் பிளந்திருப்பின் அது 1953 மார்ச்சுக்கு முற்பட்டது. முட்டை வடிவ ஒற்றைக் கண்ணாடியாயின் 1957 நடுப்பகுதிக்கு முற்பட்டது. எரிபொருள் அளவைக் காட்டும் மானி ஐரோப்பிய வண்டிகளில் 1961 இலேயே இடம்பெற்றது. அதற்கு முன், பெற்றோல் தீர்ந்து எஞ்சின் இருமும்போது, காலடியிலுள்ள திருகியைத் திருப்பி மேலதிக எரிபொருளைத் திறந்துவிட வேண்டியிருந்தது. கல்வெட்டின் எழுத்தமைதி கொண்டு காலம் கணிப்பது போன்றதே இதுவும்.

மீளமைப்பு வேலையின் இயல்பையும் சிறிது கூறுதல் வேண்டும். இவ்வண்டியின் மேற்கூடு அடித்தளத் தகட்டின்மீது ஆணிகளால் முடுக்கப்பட்டது. அவ்வாணிகளைக் கழற்றிவிட்டால் நாலைந்து பேர் சேர்ந்து மேற்கூட்டைத் தூக்கி அப்பால் வைக்கலாம். பின்புறத்தில் அமைந்த, காற்றினாற் குளிரூட்டப்படும் நான்கு உருளை எஞ்சினோ நான்கே ஆணிகளிற் பொருத்தப்பட்டது. நீர்த்தொட்டியும் நீர்க்குழாயும் இல்லாமையால் பழுதுபடுவதற்கும் அங்கு அதிகமில்லை. எனவேதான் பட்டறையோ பயிற்சியோ இல்லாதவரும் இவ்வேலையிற் கைவைக்கத் துணிந்தனர். வண்டியின் பகை கறளே. எஞ்சினின் வெப்பத்தை முன்புறத்துக்குக் கொண்டுசெல்லும் குழல்கள் கதவுகளின் கீழே, இருபக்க விளிம்புகளுள் ஓடுகின்றன. ஈரம் அங்கு தங்கி, வெளியே தெரியாது உள்ளிருந்து தகட்டை அரித்துவிடும். பின்னிருக்கையின் கீழ் உள்ள பற்றறியிலிருந்து கசியும் அமிலமும் அத்தளத்தைத் தின்னும். புறத்தே பளபளக்கும் வண்டியை வாங்கி வந்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தவர், தம் கராஜின் சீமெந்துத் தரையை அத்துளையினூடே கண்டு திகைப்பதுண்டு. அரிக்கப்பட்ட தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டை ஒட்டுவதே வேலையின் பெரும்பகுதியாகும். பெயின்ற் பூசுவது கடைசி நாள்களின் கொண்டாட்டமேயன்றி வேறில்லை.

இங்கேதான் நம் வினா மீண்டும் தலைதூக்குகின்றது. வொல்ப்ஸ்பேர்க்கிலுள்ள வண்டி நூதனசாலை, பழைய வண்டியொன்றின் அடித்தள இலக்கத்தைக் கொண்டு ‘பிறப்புச் சான்றிதழ்’ வழங்குகின்றது. உற்பத்தி செய்யப்பட்ட நாள், முதலில் பூசப்பட்ட நிறம், அனுப்பப்பட்ட இடம் ஆகியவை அதிற் குறிக்கப்படும். சான்றிதழ் கையில் வந்ததும் பலர் செய்வது ஒன்றே: வண்டியைப் பிறந்த நாளுக்குத் திருப்ப முனைவர். 1952 இன் வண்டியொன்றை எடுத்துக்கொள்வோம். அது பிளந்த கண்ணாடி கொண்டது. 1953 இல் முட்டைக் கண்ணாடி வந்ததும், பழைய வண்டிக்காரர் சிலர் நடுத்தூணை அறுத்தெடுத்து, ஒற்றைக் கண்ணாடி மாட்டித் தம் வண்டியையும் புதிது போலாக்கிக்கொண்டனர். போரின் இடிபாடுகளிலிருந்து எழுந்து, புதிய பொருள் வாங்க இன்னும் வசதி போதாது, ஆயினும் அயலவனுக்குப் பின்தங்க மனமின்றி நின்ற ஒரு மத்தியதர வர்க்கத்தின் மனநிலை அந்த வாளின் தடத்திலே பதிந்துள்ளது. இன்றைய மீளமைப்பாளர் அத்தூணைப் புதிதாகச் செய்து மீண்டும் ஒட்டுகின்றார். பிளந்த கண்ணாடி வண்டிக்குச் சந்தையிற் பெருமதிப்பு. 1952 திரும்பக் கிடைக்கின்றது, 1953 அழிந்துபோகின்றது. திருப்பணி என்ற பெயரில் சாந்து பூசும்போது சுவரின் பழைய சாசனமும் உடன் மறைவதை அறிந்த நமக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை.

இச்சிக்கலை அறிஞரும் உணராமலில்லை. கட்டடங்களைப் பேணுவது பற்றிய 1964 ஆம் ஆண்டு வெனிஸ் பட்டயத்தை அடியொற்றி, பழைய ஊர்திகளின் சர்வதேசச் சம்மேளனம் 2012–13 காலப்பகுதியில் தூரின் பட்டயத்தை ஏற்றுக்கொண்டது. உள்ளதை உள்ளவாறு காத்தல், சிதைவைத் தடுத்தல், மீளமைத்தல் என்பவற்றை அது வேறுபடுத்தி, வண்டி தன் வாழ்நாளிற் பெற்ற மாற்றங்களும் அதன் வரலாற்றின் பகுதியே எனக் கொள்கின்றது. கொள்கை நன்று. எனினும், 1955 ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் பந்தய வண்டியொன்று 2022 இல் 13 கோடியே 50 இலட்சம் யூரோவுக்கு விலைபோன உலகில், பட்டயத்தின் குரலைவிடச் சந்தையின் குரலே உரத்து ஒலிக்கின்றது.

இதுவரை கூறியது மேற்கின் கதை. செழிப்பு வந்த பின்னர், ஓய்வும் உபரிப் பணமும் உள்ள இடத்திற் பிறந்த பொழுதுபோக்கு அது. கிழக்கு ஜேர்மனியிலோ பழைய வண்டியைப் பேணுதல் பொழுதுபோக்காகப் பிறக்கவில்லை. வேறு வழியின்மையாற் பிறந்தது. சுவிக்காவ் நகரில் 1957 முதல் 1991 வரை செய்யப்பட்ட ‘ட்ரபான்ற்’ என்ற சிறுவண்டி 30 இலட்சத்துக்கும் மேல் வெளிவந்தது. ஆயினும், வண்டிக்குப் பெயர் பதிந்தவர் பத்தாண்டுக்கு மேலும் காத்திருக்க நேர்ந்தது. இதனால், உடனே கையிற் கிடைக்கும் பழைய வண்டி புதிய வண்டியைவிடக் கூடிய விலைக்குப் போனமையும் உண்டு. உருக்குத் தகட்டின் தட்டுப்பாடு காரணமாக, பருத்திக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்திய ‘டியூரோபிளாஸ்ற்’ என்ற பொருளால் அதன் புறத்தகடுகள் செய்யப்பட்டன. இரு உருளைகள் கொண்ட இருவீச்சு எஞ்சின் அதனுடையது. பெற்றோலுடன் ஒயிலைக் கலந்தே ஊற்றவேண்டும். எஞ்சினுக்கு மேலே தாங்கி அமைந்திருந்தமையால் எரிபொருள் தானாகவே கீழிறங்கியது, பம்பி தேவைப்படவில்லை. எவ்வளவு மீதமுண்டு என்றறியக் கோலொன்றை விட்டுப் பார்த்தனர்.

இவ்வண்டிக்கு உதிரிப்பாகம் தேடுவதே அங்கு ஒரு கலையாக வளர்ந்தது. ஒருவரிடம் தடுப்புப் பட்டை, இன்னொருவரிடம் மின்குமிழ், மூன்றாமவரிடம் ஒட்டுவேலைத் திறன் என்றவாறு பண்டமாற்று நடைபெற்றது. ‘எனக்கு நானே எவ்வாறு உதவிக்கொள்வது?’ என்று பொருள்படும் தலைப்பில் கிழக்கு பேர்லினின் அரச தொழினுட்பப் பதிப்பகம் வெளியிட்ட பழுதுபார்ப்புக் கைந்நூல் வரிசை வீடுதோறும் விரும்பப்பட்டது. அரசாங்கமே அத்தலைப்பில் நூல் வெளியிட்டமை, அவ்வரசின் பொருளாதாரம் பற்றிய ஒப்புதல் வாக்குமூலமாகவே எனக்குத் தோன்றுகின்றது. தட்டுப்பாட்டுக் காலங்களைக் கடந்து வந்த நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1989 நவம்பரில் பேர்லின் சுவர் திறக்கப்பட்டபோது ட்ரபான்ற் வண்டிகளின் வரிசை உலகெங்கும் படமாகப் பரவியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அவ்வண்டிகளே தெருவோரங்களிற் கைவிடப்பட்டுக் கிடந்தன. பத்தாண்டு காத்திருந்து பெற்றதை ஒரே நாளில் விட்டுச்சென்றனர். மேற்கின் பழைய வண்டி வணிகர் கிழக்கில் நல்ல அறுவடை செய்தனர். பின்னர், ஏறத்தாழ ஒரு தலைமுறை கழிந்ததும், எஞ்சியவற்றைத் தேடி மீளமைக்கும் ஆர்வம் தலையெடுத்தது. இன்றும் 30,000க்கும் மேற்பட்டவை ஜேர்மனியிற் பதிவில் உள்ளன. புறத்தகடு கறள் பிடிப்பதில்லை என நம்பி வாங்குவோர் ஏமாறுவர். அதனைக் கழற்றினால் உள்ளே இருக்கும் உருக்குச் சட்டகம் அரிக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

ட்ரபான்றை மீளமைப்பவர் எந்த ஆண்டுக்குச் செல்வார்? ஆலையிலிருந்து வெளிவந்த நாளுக்குச் சென்றால், உரிமையாளர் இருபதாண்டாகச் செய்த பொருத்தங்கள், வேறு வண்டியிலிருந்து பெயர்த்தெடுத்து ஏற்றிய உறுப்புகள், வீட்டு மேசையில் இருந்தவாறே தைத்த இருக்கையுறை ஆகிய அனைத்தும் குப்பைக்குப் போக வேண்டும். ஆலை தந்த வண்டியைவிட, குறைகளோடு அதனை ஓட்டிய மக்களின் கைவேலையே அச்சமூகத்தின் வரலாறென்பேன். திருத்தப்படாத, ஒட்டுப்போட்ட ட்ரபான்ற் ஒன்று, மெருகிட்ட பத்து வண்டிகளைவிடச் சிறந்த ஆவணமாகும். மெருகிட்டோரின் உழைப்பைக் குறைத்து மதிப்பது என் நோக்கமன்று. அவர்கள் இல்லையெனில் பார்ப்பதற்கு வண்டியே எஞ்சியிராது.

இறுதியாக ஒரு சிறு தொகுதியைக் குறிப்பிடுதல் வேண்டும். போர் முடியுமுன் வொக்ஸ்வாகன் ஆலையில் வண்டு வடிவில் செய்யப்பட்ட வண்டிகள் ஏறத்தாழ 630 மட்டுமே. சேமிப்பு அட்டை வைத்திருந்தோர் எவர் கையிலும் சேராது, கட்சிக்காரருக்கும் அதிகாரிகளுக்கும் சென்றவை அவை. அவற்றுள் தப்பியவை விரல்விட்டு எண்ணத்தக்கன என்பதால் இன்று பெருவிலை பெறுகின்றன. கியூபெல்வாகன்களுக்கும் அவ்வாறே கிராக்கி. இவற்றைப் போர்க்கால நிறத்திலும் படைப்பிரிவுக் குறிகளோடும் நிறுத்துவதே மூலநிலை என்று வாதிடுவோர் உளர். ஆணியொன்றின் தலையிலுள்ள உற்பத்திக் குறி சரியானதா என இரவிரவாக ஆராயும் அந்நுணுக்கத்தை நான் மதிக்கின்றேன். 1943 ஆம் ஆண்டின் ஆணியைத் தேடுபவர், 1943 இல் அவ்வாணியை முடுக்கியவரையும் தேட வேண்டியவரல்லரோ? அவ்வாண்டின் தொழிலாளருட் பெரும்பாலோர் விரும்பி வந்தவரல்லர். மூலநிலை என்பது நிறத்தோடும் ஆணியோடும் நின்றுவிடுமாயின் அது பாதி மூலமே.

வொல்ப்ஸ்பேர்க் நகரில் வண்டி நூதனசாலை 1985 இல் திறக்கப்பட்டது. பழைய வண்டி விரும்பிகள் அங்கு சென்று, அழகாக நிறுத்தப்பட்ட வண்டிகளின் முன் தம் சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்கின்றனர். கட்டாயத் தொழிலாளருக்கான நினைவிடம் 1999 டிசம்பரிலேயே அமைந்தது. அது ஆலை வளவினுள், போர்க்காலத்தில் விமானத் தாக்குதலுக்கு அஞ்சி ஒதுங்குவதற்கெனக் கட்டப்பட்ட நிலவறையொன்றில் இருக்கின்றது.